அழுத்தினால் நிறம் ஓடிவிடும்

1

மனிதகுலத்தின் வரலாறு என்பது மனிதக் கையின் வரலாறே. நெருப்பை மூட்டியது கை. குகைச் சுவரில் முதல் கோட்டை இழுத்தது கை. கண்ணீரைத் துடைத்ததும், அதற்கு முன்னால் அறைந்ததும் அதே கைதான்.

இந்த வாக்கியங்களை ஒரு பாராட்டு விழாவின் ஏற்புரைக்காக எழுதி வைத்திருந்தேன். விழா நடக்கவில்லை. வீணாகிப் போகவேண்டாமே என்று இங்கே வைத்துவிட்டேன். இவற்றை எழுதிய அன்று காலையில் என் சட்டைப் பொத்தான்களை என் மனைவிதான் போட்டுவிட்டாள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கதை பிறந்த விதம் இது. ஆறு மாதமாகக் காலையில் எழுந்தால் என் விரல்கள் மடங்குவதில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவை என் பேச்சைக் கேட்கின்றன. கேட்டவர்களிடமெல்லாம் "எழுதி எழுதி இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்வதற்குப் பெருமையாகவும் இருந்தது. மூட்டு டாக்டர்தான் அதைக் கெடுத்தார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"எழுத்தாளன்," என்றேன் சற்றே தாழ்ந்த குரலில். அடுத்த கேள்வி என் புத்தகங்களைப் பற்றி வரும் என்று காத்திருந்தேன்.

"பேனாவா, கம்ப்யூட்டரா?"

"கம்ப்யூட்டர்."

"எத்தனை விரலால அடிப்பீங்க?"

"ரெண்டு."

"அப்ப மீதி எட்டும் எதுக்கு வீங்குது?"

பிறகு கை குலுக்குவதுபோல் என் கையைப் பிடித்து, விரல் முட்டிகளைச் சேர்த்து ஓர் அமுக்கு அமுக்கினார். நான் போட்ட சத்தத்துக்கு நம் மொழியில் எழுத்து இல்லை.

"ரத்தப் பரிசோதனையில சந்தேகம் இருக்கு. கலர் ஸ்கேன் பார்த்துடுவோம். உங்க உடம்பே உங்க மூட்ட எதிரின்னு நெனச்சுத் தின்ன ஆரம்பிச்சிருந்தா, அங்க ரத்தம் கூடுதலா ஓடும். அது திரையில நிறமாத் தெரியும். இப்பவே பிடிச்சுட்டா கை உங்களுது. ரெண்டு வருஷம் கழிச்சு வந்தீங்கன்னா படம் மட்டுந்தான் நம்மளுது."

ஸ்கேன் சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: மூன்று நாளைக்கு வலி மாத்திரை கூடாது.

ஸ்கேன் அறையில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் டெக்னீஷியன் இருந்தார். பழைய ஜெல் பாட்டில் காலி. புதியதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சார், இந்த மூடியக் கொஞ்சம் திறந்து தர்றீங்களா?"

திறந்து கொடுத்தேன்.*

இந்தக் கதை அந்த நொடியில்தான் பிறந்தது. நாள் முழுக்க அடுத்தவர் மூட்டைப் பார்ப்பவருக்கு ஒரு மூடியைத் திறக்க முடியவில்லை. ஏன்?

(* இந்த வாக்கியத்தை மூன்று முறை திருத்தினேன். இரண்டே சொல்தான். ஆனாலும்.)

2

தொடக்கத்துக்காகப் பட்ட பாட்டை வாசகர் பார்க்கவேண்டும் என்பதால் எதையும் அழிக்காமல் வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "சிவப்பு அழிவின் நிறம், நீலம் அமைதியின் நிறம், அந்தச் சிறு திரையில் அன்று இரண்டும் போர்—"

[நிறுத்தினேன். இதை அவரிடமே சொல்லிப் பார்த்திருந்தேன். "அப்படி இல்ல சார்," என்றார் அவர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "ரத்தம் நம்ம பக்கம் வந்தா ஒரு நிறம், அந்தப் பக்கம் போனா இன்னொரு நிறம். மூட்டுக்குள்ள ரெண்டுமே இருக்கக் கூடாது." ஒரு வாக்கியத்தில் என் குறியீடு செத்தது.]

இரண்டாம் தொடக்கம்: "இருண்ட அந்த அறையில் அவளது விரல்கள் மட்டும்—"

[அறை இருட்டாக இல்லை. ஜன்னல் திரையில் பாதி வளையங்கள் கழன்றிருந்தன. என் முழங்கை வரைக்கும் வெயில் விழுந்தது.]

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். நான் உட்கார்ந்த சற்று நேரத்தில், தரை துடைக்கும் அம்மா கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வாளியோடு வந்தார். "கலர் அக்கா, காலத் தூக்கு," என்றார். டெக்னீஷியன் காலைத் தூக்கினார். நானும் தூக்கினேன். மற்ற அறைகளில் கறுப்பு வெள்ளை இயந்திரங்கள். இந்த அறையில் மட்டும் கலர். அதனால் கலர் அக்கா. எனக்கும் இனி அவர் கலர் அக்காதான்.

"வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா சார்? மாத்திரை போட்டா ரத்த ஓட்டம் கொஞ்ச நேரத்துக்கு அடங்கிடும். படம் பொய் சொல்லும்."

"இல்லை."

கையை மடித்த துண்டின்மேல் குப்புற வைக்கச் சொன்னார். ஜெல் குளிர்ந்தது. தோலின்மேல் வைத்து நகர்த்தும் கருவியை அவர் புரோப் என்றார். தூங்கும் குழந்தையின் இமைமேல் வைப்பதுபோல் அதை வைத்தார்.

"இன்னும் அழுத்திப் பார்க்கணும்னா பாருங்க, நான் தாங்கிக்குவேன்," என்றேன் வீரமாக.

"உங்களுக்காக இல்ல. அழுத்தினா நிறம் ஓடிடும். உள்ள இருக்கறது எல்லாம் மெல்லிசு ரத்தக் குழாய். ஒரு அமுக்குல மூடிக்கும். அப்புறம் நல்லா இருக்கறவன் கை மாதிரியே தெரியும்."

எலும்பு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதன்மேல் ஏதோ கறுப்பாக உப்பியிருந்தது. கலர் பொத்தானைத் தட்டினார். திரையில் ஒரு கட்டம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கட்டம் காலியாகவே இருந்தது. ஒரு மூலையில் ஒரு புள்ளி மினுங்கி, வந்த இடம் தவறு என்பதுபோல் போய்விட்டது.

கலர் அக்கா திரையைப் பார்த்தார். என் வீங்கிய முட்டியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"எதுக்கும் இன்னொரு தடவை வாங்க சார்," என்றார் கடைசியில். "உங்க வீக்கமும் இந்தப் படமும் ஒத்துப்போகல."

அறிக்கையில் "தற்போது அழற்சி அறிகுறி இல்லை" என்று இருந்தது. அதை எல்லாரிடமும் காட்டினேன். பால்காரரிடம்கூட.

3

இனி வருவது நான் கட்டியது.

கலர் அக்காவுக்கு ஒரு கணவரைக் கொடுத்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போதும் வலது கால் தானாகப் பிரேக் போடும். ஒரு மகளைக் கொடுத்தேன். பதினான்கு வயது, நீளமான முடி.

கலர் அக்கா ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார். வெந்நீர்க் குழாயின் கீழ் இரண்டு கைகளையும் பிடித்தபடி நிற்கிறார். விரல்கள் அவருடையவையாக ஆவதற்கு முதலில் இருபது நிமிடம் ஆனது. பிறகு நாற்பது. இப்போது ஒரு மணி.

"அம்மா, ஜடை போட்டு விடும்மா."

"விரிச்சே விடு. இப்ப அதானே ஸ்டைலு."

"நீதானே ஜடை போட்டாத்தான் மனுஷி மாதிரி இருக்கேன்னு சொல்லுவ?"

"அது அப்போ."

மகள் கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள். கலர் அக்கா குழாயை இன்னும் கொஞ்சம் திருகினார், மணிக்கட்டால்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வருகிறது. பக்கத்து அறையிலேயே மூட்டு டாக்டர் இருக்கிறார். கலர் அக்கா ஏன் போய்க் கையைக் காட்டவில்லை?

நான் முதலில் எழுதிய பதில்: "தன் வலியைவிட நோயாளிகளின் வலியே அவளுக்குப் பெரிது." படித்துப் பார்த்தேன். மருத்துவமனைச் சுவரில் மாட்டும் வாசகம்போல் இருந்தது. அந்த மாதிரி யாரும் ஐந்து மணிக்கு எழுந்து குழாயடியில் நிற்பதில்லை.

உண்மையான பதில் பயம். நமக்கெல்லாம் உள்ளே என்ன இருக்கிறதோ என்று பயம். அவருக்கு அந்த வசதி இல்லை. உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எலும்பின் வெள்ளைக் கோடு, எறும்பு அரித்த பிஸ்கட் ஓரம்போல் ஒரு பக்கம் குழிந்திருப்பதை அவர் ஆயிரம் முறை அளந்திருக்கிறார். குழிந்தது திரும்ப நிரம்பாது என்பதும் தெரியும்.

ஒரு தையல்கார அம்மா. முதல் முறை வந்தபோது அவர் மணிக்கட்டு திரையில் பற்றி எரிந்தது. "மாத்திரைய மெதுவா ஆரம்பிச்சுக்கறேன்மா, கையில வேலை நெறைய இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருஷம் கழித்து வந்தார். திரையில் நிறமே இல்லை.

"சரியாயிடுச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா, முகம் மலர்ந்து.

எரிவதற்கு எதுவும் மிச்சமில்லாததால் அணைந்திருந்தது. கலர் அக்கா துடைக்கத் துண்டைக் கொடுத்தார். துண்டு அந்த அம்மாவின் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

கலர் அக்காவின் வேலையும் கையில்தான் இருக்கிறது. மூன்று விரலால் புரோப்பைப் பூப்போல் பிடிக்கவேண்டும். பிடிக்க முடியாத நாளில் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார்.

4

மதிய இடைவேளை. கலர் அக்கா கதவைத் தாழிட்டு, வெளியே "உள்ளே நோயாளி" என்ற பலகையைத் தொங்கவிட்டார். அன்று அது சரியாகவே சொன்னது.

இயந்திரம் பெயர் கேட்டது. பெயரில்லாமல் அது படமெடுக்காது. தன் பெயரின் முதல் எழுத்தை அடித்து, அழித்து, "டெஸ்ட்" என்று போட்டார். வயது கேட்டது. தொண்ணூற்றொன்பது. அந்த வயதில் எல்லாருக்கும்தான் வலிக்கும் என்பது ஒரு நிமிடம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இடது கையைத் துண்டின்மேல் வைத்து, வலது கையில் புரோப்பை எடுத்தார். ஆள்காட்டி விரலின் முட்டி.

முதலில் கறுப்பு வெள்ளை. வெள்ளைக் கோடு முழுசாக இருக்கிறதா? இருக்கிறது. கோட்டுக்கு மேலே கறுப்பாக, அங்கே இருக்கக்கூடாத ஒரு மேடு. சரி. கலர் பொத்தான். கட்டம் வந்தது.

முதல் நொடி ஒன்றும் இல்லை. இரண்டாம் நொடி ஒரு புள்ளி. பிறகு நாலைந்து. நாடி துடிக்கத் துடிக்க அவை மினுங்கி, ஒன்றையொன்று தொட்டு, யாரோ நெருப்புக் கங்கை ஊதிவிட்டதுபோல் மேடு முழுக்கப் பரவின.

[இந்த இடத்தில் "அவள் கை தானாக அழுத்தியது" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கை தானாக எதையும் செய்வதில்லை.]

கலர் அக்கா அழுத்தினார்.

ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தன. மேடுகூடத் தட்டையானது. நடுவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் பிடிவாதமாகத் துடித்தது. இன்னும் அழுத்தினார். விரல் முட்டியிலிருந்து தோள்வரை வலி ஏறியது. புள்ளி போயிற்று. படத்தை நிறுத்திச் சேமித்தார்.

"நார்மல்," என்றார் வாய்விட்டு. ஆளில்லாத அறையில் அது யாரோ சொன்னதுபோல் கேட்டது.

கதவு தட்டப்பட்டது. துண்டைக் கையில் எடுத்தபடி போய்த் தாழைத் திறந்தார்.

டாக்டர். [நிஜ டாக்டர் நல்ல மனிதர். இவரை நான் கொஞ்சம் வளைத்திருக்கிறேன். மன்னிக்க வேண்டும்.] கையில் மடிக்கணினி, முகத்தில் மாநாட்டுக் களை.

"என்னம்மா இது, பட்டப்பகல்ல தாழ்ப்பாள்? சரி, ஒரு அவசரம். சனிக்கிழமை மாநாட்டுல பேசறேன்ல, ஒரு நார்மல் படம் வேணும். கெட்டுப்போன மூட்டு நம்மகிட்ட நானூறு இருக்கு, நல்ல மூட்டு ஒண்ணு இல்ல! நல்லா இருக்கறவன் எவன் இங்க வர்றான்?" திரையைப் பார்த்தார். "அட, இது யாரோடது?"

"டெஸ்ட் சார்."

"மெஷின் சரியா இருக்கான்னு போட்டுப் பாத்தீங்களா? அருமை! ஒரு புள்ளி இல்ல பாருங்க. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. இதையே எடுத்துக்கறேன். என் பேச்சோட தலைப்பு தெரியுமில்ல? 'பொய் சொல்லாத நிறம்'."

"சார், அது வந்து…"

"என்னம்மா?"

கலர் அக்கா இடது கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார்.

"ஜெல் கொஞ்சம் கம்மியா வச்சுட்டேன் சார்."

"அவ்வளவுதானே? ஓரத்தை வெட்டிக்கறேன், விடுங்க."

படத்தை எடுத்துக்கொண்டு விசிலடித்தபடி போனார்.

5

இங்கே வந்து பதினொரு நாள் நின்றேன். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மாநாட்டு மண்டபம். கலர் அக்கா எழுந்து நின்று, "அது என் கை. நான் அழுத்தினேன்," என்கிறார். ஒரு கணம் அமைதி. பிறகு மண்டபமே எழுந்து கைதட்—

[இல்லை. நான் போயிருக்கும் மண்டபங்களில் யாரும் இப்படி எழுந்ததில்லை. சாப்பாட்டு நேரத்தைத் தவிர.]

முடிவு ஆ: படம் மேடையில் நாலு ஆள் உயரத்துக்கு விரிகிறது. "இதுதான் ஆரோக்கியம்," என்கிறார் டாக்டர். கடைசி வரிசையிலிருந்து, வேறொரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் ஒரு பெண் கை தூக்குகிறார்.

"சார், தோலுக்கு மேல ஜெல்லோட கோடே தெரியலையே? புரோப்ப ரொம்ப அழுத்தியிருக்காங்க போல. விட்டுப் பார்த்தா கீழ என்ன இருந்துச்சு?"

டாக்டர் சிரித்துக்கொண்டே கலர் அக்கா பக்கம் திரும்புகிறார். "சொல்லுங்கம்மா. கீழ என்ன இருந்துச்சு?"

இதற்கு அடுத்த வரியை எழுத உட்கார்ந்தேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை.

முடிவு இ: ஒன்றும் நடக்கவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். குழாயடி ஒரு மணி நேரம் ஒன்றரை மணி ஆகிறது. ஒருநாள் துண்டு நழுவிக் கீழே விழுகிறது. உலகத்தில் அதிகம் நடப்பது இதுதான். மூன்றிலும் எனக்கு அதிகம் பயமாக இருப்பதும் இதுதான்.

ஆகவே முடிவை வாசகரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மதிய இடைவேளை. கதவு தாழிட்டிருக்கிறது. கட்டம் திறந்திருக்கிறது. புரோப் இப்போது உங்கள் கையில். எவ்வளவு அழுத்துவது என்பது உங்கள் பொறுப்பு.

இப்படி முடித்தால் அழகாகத்தான் இருந்திருக்கும். என் மனைவி படித்துத் தொலைத்தாள்.

6

என் மனைவி பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். என் கதைகளுக்கு முதல் வாசகி. வேறு யாரும் சிக்குவதில்லை. சிவப்புப் பேனாவோடுதான் படிப்பாள்.

"இந்தப் பொம்பளைக்கு நிஜமாவே பொண்ணு இருக்கா?"

"தெரியாது."

"கார் ஓட்டக் கத்துக்குடுக்கற புருஷன்?"

"தெரியாது. கற்பனை."

"கை வலிக்குதுன்னாவது சொன்னாளா?"

"மூடியத் திறந்து தரச் சொன்னாங்க."

"மூடி திறக்கச் சொன்னா வியாதியா? அப்ப காலைல அஞ்சு மணிக்கு நம்ம வீட்டுக் குழாயடியில நிக்கறது யாரு?"

அவள் உள்ளே போய், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வலி மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"பத்து இருந்துச்சு. எட்டு இருக்கு. ஸ்கேனுக்குப் போன அன்னைக்குப் பொத்தான் போட்டு விடறப்ப நீங்க முகத்தச் சுளிக்கவே இல்ல. அப்பவே நெனச்சேன்."

"கதையில வர்றதுக்கும் இதுக்கும்—"

"அவ அழுத்தினா, அவ அழுத்தினான்னு நாலு பக்கம் எழுதியிருக்கீங்களே. அழுத்தினது யாருங்க?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். தாளில் வட்டம் போட்ட ஓர் இடத்தைக் காட்டினாள். தையல்கார அம்மா. "இதப் படிச்சதும் பேனாவக் கீழ வச்சுட்டேன்," என்றாள். "இந்த அம்மாவும் கற்பனைதானே?"

"கற்பனைதான்."

"அது கற்பனையாவே இருக்கட்டும்." பேனாவை மூடினாள். "ஸ்கேன் ரூமுக்கு போன் பண்ணிட்டேன். வர்ற செவ்வாய்க்கிழமை பத்தரை மணி. மாத்திரைய நான் ஒளிச்சு வைக்கப் போறதில்ல. இங்கேயே இருக்கட்டும். எண்ணி வச்சிருக்கேன்."

அட்டை கணினிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இன்று திங்கள். எட்டு மாத்திரைகளும் இருக்கின்றன. அன்று பேசிவிட்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அந்த மூடிய நீங்கதான் திறந்து குடுத்தீங்களா?"

"ஆமா," என்றேன்.

கணக்கில் விடை தவறும்போது பிள்ளைகளைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்துவிட்டுப் போனாள்.

7

கலர் அக்காவின் கைகளுக்கு ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். பழைய பாட்டிலைப் பிதுக்கியதில் அவர் கையுறை முழுக்க ஜெல் வழிந்திருந்தது. அதனால்தான் என்னிடம் நீட்டினார். என் கைகள் உலர்ந்திருந்தன. இரண்டு கையாலும் முயன்றேன். பிறகு சட்டை நுனியால் பிடித்து முயன்றேன்.

மூடியைத் திறந்தது தரை துடைக்க வந்த அம்மா. ஈரக் கையோடு, ஒரே திருகில்.